அந்த வீட்டுத் தண்ணீர்

இரண்டு கையிலும் ஊசி ஏறிய பிறகுதான் தவமணிக்கு மூக்கு அரித்தது. காலையில் பஸ் ஏறியதிலிருந்து சும்மா கிடந்த மூக்கு, இனி கையை மடக்கவே கூடாது என்று நர்ஸ் பிலோமினா சொல்லிவிட்டுப் போன மறுநொடி அரிக்க ஆரம்பித்தது. வேண்டுமென்றே அரிக்கிற மூக்கு. உடம்பில் இருப்பதெல்லாம் நம் சொல் கேட்கும் என்று நினைப்பதே மடத்தனம் என்று நினைத்துக்கொண்டு மேலுதட்டைச் சுழித்துப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. இடது கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாகப் பக்கத்தில் நிற்கும் எந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்திரம் அதைச் சுழற்றி, வெள்ளை அணுக்களை மட்டும் மேலே தொங்குகிற பையில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வலது கை வழியாக அவளுக்கே திருப்பிவிட்டது. தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்துக்கொண்டு மோரை வீட்டுக்காரியிடமே கொடுக்கிற கணக்கு. திரும்பி வருகிற ரத்தம் சில்லென்று இருந்தது. தன் ரத்தமே தனக்குக் குளிரும் என்று யார் கண்டது. இந்த ரெண்டு வாரத்துல மாத்திரை ஏதும் போட்டீங்களாம்மா என்று கேட்டுத்தான் பிலோமினா ஊசியைக் கையில் எடுத்தாள். இல்ல சிஸ்டர். காய்ச்சல், சளி? ஒண்ணுமில்ல சிஸ்டர். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று தவமணி எதிர்பார்க்கவில்லை. வாரம் முழுக்க, காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக, மூலைக்கடை மெடிக்கலில் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையை அவள் விழுங்கியிருக்கிறாள். அதன் கசப்பு இன்னும் நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்னம்கூட லேசாக உப்பியிருக்கிறது, ஊர்ப்பயணம் ஒத்துக்கிச்சு போல, பூசினாப்புல இருக்கீங்க என்று பிலோமினா சொல்லிச் சிரித்தாள்.

அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லித் தந்ததே இவர்கள்தான். டாக்டர் வைதேகி சின்ன வயசு, பொறுமைசாலி, போன மாதம் அவளை உட்காரவைத்துக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்கம்மா, ரெண்டு வகை. முதல் வகை, தெரியாத ஆளு யாரு உள்ள வந்தாலும் அடிக்கிறவங்க. உங்க அண்ணன் உடம்புல இருக்கறது உங்க கிட்னி. எத்தனை வருஷமானாலும் அவங்களுக்கு அது வெளி ஆளுதான். மருந்து குடுத்து இத்தனை நாள் அவங்களை மயக்கி வச்சிருந்தோம், இப்ப மருந்துக்கு மசிய மாட்டேங்கிறாங்க, கிட்னிய அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மருந்தக் கூட்டினா அவருக்கு வேற வியாதி வருது. இன்னொரு வகை இருக்காங்க, ரொம்பக் கொஞ்சம் பேரு. அடிக்கப் போறவன் கையப் புடிச்சு, விடுப்பா, நம்ம ஆளுதான்னு சொல்றவங்க. அவங்களை அவர் ரத்தத்துல இருந்து பிரிச்செடுத்து, உங்க அணுக்களோட சேர்த்து, எங்க லேப்புல வளர்ப்போம். உங்க அணுவப் பாத்துப் பாத்து அவங்க பழகிக்குவாங்க. பழகிப் பல்கிப் பெருகினதும் திரும்ப அவருக்கே ஏத்துவோம். அப்புறம் உங்க கிட்னிகிட்ட யாரும் வம்புக்குப் போகாம அவங்க பாத்துக்குவாங்க. இது புது முயற்சிதான், பலிக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அவருக்கு இத விட்டா வழியும் இல்ல. தவமணி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நம்ம ஆளுதான் என்று சொல்கிறவன் உடம்புக்குள்கூடக் கொஞ்சம்தானா என்று மட்டும் தோன்றியது. பிறகு பிலோமினா வெளியே வந்து எச்சரித்தாள். பாத்துக்கங்கம்மா, ஸ்டீராய்டு மட்டும் வாயில வச்சுராதீங்க, வச்சா உங்க அணுவெல்லாம் தூங்கிப்போயிரும், லேப்புல போட்டாலும் எதையும் பழக்காது, எல்லாம் வீணாப்போயிரும். தூங்கிப்போயிரும். வீணாப்போயிரும். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரன் சீவிக்கொண்டிருந்தான், அந்த அரிவாள் சத்தத்தோடு சேர்ந்து அந்த இரண்டு சொல்லும் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. செய்யாதே என்று சொல்லிச் சொல்லியே ஒருத்திக்கு வழி காட்டிவிடலாம்.

கதவு திறந்தது. சக்கர நாற்காலி உருளுகிற சத்தம். பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள், அந்தப் பக்கம் யாரையோ நாற்காலியில் சாய்க்கிறார்கள். வேறு நோயாளி என்றுதான் நினைத்தாள், இருமல் கேட்கிறவரை. இரண்டு சின்ன இருமல், பிறகு தொண்டையைச் செருமி ஒரு நீளம். அந்த இருமலைக் கூட்டத்துக்கு நடுவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் அடையாளம் சொல்வாள். சௌந்தரபாண்டி. அண்ணன். கூடப் பிறந்தவன். அவனுக்கும் இன்றைக்குத்தான் ரத்தம் எடுக்கிறார்கள் என்று யாரும் இவளிடம் சொல்லவில்லை. ஒரே அறை, ஒரே நேரம், நடுவில் ஒரு துணி. முன்பெல்லாம் மனசுக்குள்கூட அவரை ‘அவர்’ என்றுதான் நினைப்பாள். தோப்பில் அவளைத் தலைமுழுகிய அன்றைக்கு ‘அவர்’ போய் ‘அவன்’ வந்தது, பிறகு மாற்ற வரவில்லை, மாற்றிப் பார்க்கவும் இல்லை. அவன் நாற்காலியின் கைப்பிடியில் மோதிரத்தைத் தட்டினான், டக் டக் என்று. சாப்பாடு வர நேரமானாலும் தட்டுவான், பஸ் வர நேரமானாலும் தட்டுவான். கையக் கொஞ்சம் அசைக்காம வைங்க சார் என்று பிலோமினா சொன்னாள். சரி சிஸ்டர். குரல் மெலிந்திருந்தது. மெலிந்த குரலைக் கேட்டதும் தவமணி தன்னையறியாமல் திரைப் பக்கம் தலையைத் திருப்பினாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், ஆனால் இங்கே எந்தச் சதை யாருக்காக ஆடுகிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும், அவள் சதையில் ஒரு துண்டு திரைக்கு அந்தப் பக்கமல்லவா கிடக்கிறது. ஆடட்டும் என்று பல்லைக் கடித்தாள். ஆடி ஆடி அவனுக்குள்ளேயே அடிபட்டுச் சாகட்டும்.

அவனுக்கு முதல் தடவை கிட்னி கெட்டபோது தண்ணீரை அளந்துதான் குடித்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு பழைய டம்ளரில் கோடு போட்டு மதினி ராஜேஸ்வரி ஊற்றிக் கொடுப்பாள். தோப்புக்குத் தண்ணீர் பாயும்போது வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பானாம். ஐஸ்கட்டியை வாயில் போட்டு உறிஞ்சுவான். ஒரு சித்திரை மாதம் தவமணி போயிருந்தபோது, மாடு தொட்டியில் வாயை வைத்து உறிஞ்சுவதைப் பார்த்து, கொடுத்து வச்ச ஜென்மம் என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், கண்ணில் தண்ணீர் நின்றது, அந்தத் தண்ணீரையாவது அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரியே புருஷனிடம் சொல்லிவிட்டாள், நான் குடுக்கறேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, நல்ல மனுஷன், அதிர்ந்து பேசாதவர், அன்றைக்குக் கத்தினார். உனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா புள்ளைய யாரு பாப்பா? எங்கண்ணன் பாப்பாரு. அப்படித்தான் சொன்னாள். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் வாயைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து, குழாயெல்லாம் எடுத்த பிறகு, ஒரு நாள் டாக்டர் அவனிடம் இனி எவ்வளவு வேணும்னாலும் தண்ணி குடிங்க என்றார். தவமணி விலாவைப் பிடித்துக்கொண்டு அவன் அறைக்கு நடந்து போனாள். அவன் சொம்பை இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடித்தான், கடகடவென்று, கழுத்தெல்லாம் வழிய. முடித்துவிட்டு, தவம், உன் தண்ணிடா இது என்றான். தங்கச்சியை ‘டா’ போட்டுக் கூப்பிடுகிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. உன் தண்ணி. மறக்க மாட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்றைக்கு அதை எடுத்து அவன் மூஞ்சியில் வீசியிருக்கலாம்.

உதடு சுருசுருவென்றது. ரத்தம் உறையாமல் இருக்க ஏதோ சேர்க்கிறார்கள், அதனால் வாயைச் சுற்றி எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பிலோமினா சுண்ணாம்புச் சத்து மாத்திரையை உடைத்து அவள் வாயில் போட்டாள், ஸ்ட்ரா போட்ட டம்ளரை உதட்டருகே பிடித்தாள். தவமணி உறிஞ்சினாள். தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். மோதிரத் தட்டல் நின்றது. கேக்கட்டும். இப்போது மறுபடியும் அவனுக்கு அளவுத் தண்ணீர்தான், காலெல்லாம் நீர் கோத்திருக்கிறது, ரத்தம் கேட்டு மதினி வீட்டுக்கு வந்தபோது சொல்லி அழுதாள். அவன் வரவில்லை. கேட்க வேண்டியவன் வரவில்லை, மதினிதான் வந்தாள், ஒரு சீப்பு பழமும் தலை நிறையப் பூவுமாக. மகள் கல்யாணத்துக்கு எட்டிப் பார்க்காதவள் வாசலில் செருப்பைக் கழற்றத் தயங்கித் தயங்கி நின்றாள். உள்ளே வந்து தவமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நீரடிச்சு நீர் விலகுமா தவமணி? உங்கண்ணன் கோவக்காரரு, உனக்குத் தெரியாததா? விலகாது மதினி என்றாள் இவள். வர்றேன்னு சொல்லுங்க. அப்போதே மனசில் தீர்மானம் விழுந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தவனுக்கே அதைத் திருப்பிக் கொடுப்பது. டாக்டர்கள் எல்லாம் தயார் செய்யட்டும். அவன் மனசுக்குள் கணக்குப் போட்டு நாளை எண்ணட்டும். தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, கை வைக்கிற நேரத்தில் தட்டை இழுப்பது. அந்த வலி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவள் மகளுக்கும் தெரியும்.

லோசனி. மீனலோசனி என்று பேர் வைத்ததுகூட அவன்தான், மதுரையில் கோயில் வாசலில் வைத்து. அவள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது புருஷன் போய்ச் சேர்ந்திருந்தார், முடிவு சொல்ல இருந்தது தாய்மாமன் ஒருத்தன். கபிலன் கரண்டு ஆபீஸில் வேலை, வாயில்லாப் பூச்சி, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். எல்லாம் சரி, தெருதான் சரியில்லை. எந்தத் தெரு என்று கேட்டான் சௌந்தரபாண்டி, சொன்னதும் வெற்றிலையைத் துப்பினான். தவமணி அவன் காலில் விழுந்தாள். விழுந்தபோது விலாவில் அந்தப் பழைய தழும்பு இழுத்தது, அதைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள், அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கடைசியில், வர்றேன் போ, பட்டம் கட்டிட்டுப் போயிருவேன், ஆனா ஒண்ணு கேட்டுக்க, அந்த வீட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்காது என்றான். அதற்கும் சரி என்றாள். இறங்க வேண்டாம் அண்ணே, வந்தாப் போதும். எவ்வளவு சுலபமாகச் சரி என்றாள். கல்யாணத்தன்று பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் தாலி ஏறாது, அவர்கள் பக்கத்து முறை அது. லோசனி மணையில் உட்கார்ந்திருந்தாள், தாய்மாமன் எங்கம்மா என்று ஐயர் கேட்டார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். பந்தலில் ஒவ்வொருத்தராக அவரவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். வைகையில் முழுகலாம் என்றால் அங்கே ஏது தண்ணீர், தோப்பு மோட்டாரைப் போட்டு, அதன் கீழே வேட்டியோடு உட்கார்ந்து, எனக்கும் அவளுக்கும் இனி ஒண்ணுமில்ல என்று சொல்லித் தலைமுழுகிக்கொண்டிருந்தான். மோட்டார் தண்ணீர் அவன் தோளில் விழுந்து நுரைத்தது. உள்ளே இருந்து அந்த உடம்பைச் சுத்தம் செய்துகொண்டிருப்பது யாருடைய கிட்னி என்று பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். லோசனியும் படத்தைப் பார்த்துவிட்டாள். அழவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள், அந்தப் பார்வையைத்தான் தவமணியால் ஒரு நாளும் கீழே இறக்கி வைக்க முடியவில்லை. கபிலனுடைய மாமா, தையல்கடைக்காரர், எழுந்து வந்து, நான் கட்டலாமா தாயி என்று கேட்டுப் பட்டத்தை எடுத்தார். விரலெல்லாம் ஊசி குத்தின தழும்பு. அவர்தான் ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பும் சீராக வைத்தார்.

எந்திரம் ஒரு தடவை கிர்ரென்று நின்று மறுபடி சுற்றியது. பயம் வந்தது. ரத்தத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களோ? போலீஸ் வருமா? தன் உடம்பில் தான் மாத்திரை போட்டதற்கு என்ன கேஸ் போட முடியும்? லோசனிக்குத் தெரிந்தால்? அம்மா நல்லா வேணும் என்பாளா, இல்லை கல்யாணத்தன்று பார்த்ததுபோலப் பார்ப்பாளா? மேலே தொங்கிய பையில் ஏதோ சேர்ந்திருந்தது, வெள்ளை என்று சொன்னார்கள், பார்த்தால் வெள்ளையாக இல்லை, கூழில் ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்த நிறம். தூங்கிப்போனவர்கள். உள்ளே ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து தூங்குகிறார்கள். நாளைக்கு லேப்பில் டாக்டர் வைதேகி இவர்களை எழுப்பிப் பார்ப்பாள், எழ மாட்டார்கள். அவனுடைய ஆட்கள் இவர்கள் முகத்தைப் பார்த்துப் பழகக் காத்திருப்பார்கள், இவர்கள் முகம் காட்ட மாட்டார்கள். ஐயோ பாவம், ஏன் வளரல என்று எல்லாரும் கையைப் பிசைவார்கள். கடைசியில் கிட்னி போகும். அவள் கிட்னி. இந்த இடத்தில் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிடும். அடிபடப்போவது அவளுடையதுதானே. அது என்ன பாவம் செய்தது? சொன்ன இடத்துக்குப் போயிற்று, போன இடத்தில் வேலை பார்த்தது, கோபம் தாபம் எதுவும் அதற்குத் தெரியாது. போய்ப் பிழை என்று அனுப்பியவளும் இவள், காப்பாற்ற மாட்டேன் என்பவளும் இவள். சீ, கறியைப் பற்றி என்ன கவலை, என்று முள்ளிலிருந்து சேலையை வெடுக்கென்று இழுத்தாள். கிழிந்தால் கிழியட்டும்.

திரைக்கு அந்தப் பக்கம் பிலோமினா அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், யாராவது பேசாமல் இருந்தால் அவளுக்குத் தாங்காது. குடுத்து வச்சவரு சார் நீங்க. கிட்னியும் குடுத்து, இப்ப ரத்தத்துக்கும் வந்திருக்காங்கன்னா, எத்தனை தங்கச்சி வருவாங்க? அவன் உம் என்றான். தவமணி மூச்சை அடக்கினாள். அடுத்து என்ன சொல்வான்? ஒரு சொல். எத்தனையோ ராத்திரி படுக்கையில் புரண்டபடி அவன் வாயில் போட்டுப் பார்த்த சொற்களில் ஏதாவது ஒன்று. தப்புப் பண்ணிட்டேன் வேண்டாம், அது பெரிய சொல், அவன் வாய்க்குள் நுழையாது. பாவம் அவ என்றால்கூடப் போதும். லோசனி எப்படி இருக்காளாம் என்றால் போதும். அவன் தொண்டையைச் செருமினான். ரத்தம் சிஸ்டர், ரத்தம் எங்க போயிரும், எங்க ரத்தம் சுத்தமான ரத்தம், அதான் ஓடியாருது என்றான். மோதிரத்தைத் தட்டினான், டக், டக். அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, குரலில் தெரிந்தது.

தவமணிக்குக் காது அடைத்தது. சுத்தமான ரத்தம். அப்படியென்றால் இதுவரை செய்ததெல்லாம் என்ன? மாத்திரை விழுங்கி, தூக்கம் கெட்டு, கன்னம் உப்பி, கசப்பைப் பொறுத்து, அத்தனையும் எதற்கு? லேப்பில் அணு வளராது, அவ்வளவுதான். மருந்து பலிக்கலப்பா என்பார்கள். அவன் விதியே என்று மேலே பார்ப்பான். தங்கச்சி ஓடியாந்து குடுத்தா, சுத்த ரத்தம், எனக்குத்தான் ராசி இல்லை என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பெருமை ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் போய்ச் சேருவான். துஷ்டி வீட்டில் இவளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன பாசம் என்ன பாசம் என்பார்கள். இருட்டில் கண்ணடித்த மாதிரி ஆகிவிடும் எல்லாம். யாருக்கும் தெரியாத பழி என்ன பழி? அவன் பந்தல் நிறைய ஆள் பார்க்க, படம் பிடித்து அனுப்பித் தலைமுழுகினான். இவள் மட்டும் மெடிக்கல் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திருடி மாதிரி விழுங்கினாள். வெட்கமாக இருந்தது. செய்ததற்காக இல்லை, ஒளித்துச் செய்ததற்காக.

“சிஸ்டர்” என்று கூப்பிட்டாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, பெரிய குரல். பிலோமினா திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “என்னம்மா, மயக்கம் வருதா?” தவமணி திரையைப் பார்த்தே பேசினாள். “எந்திரத்த நிப்பாட்டுங்க. நீங்க போடக் கூடாதுன்னு சொன்ன மாத்திரைய நான் போட்டிருக்கேன். இந்த வாரம் பூரா. தெரிஞ்சேதான் போட்டேன்.” பிலோமினாவின் கை வாய்க்குப் போனது. “ஏம்மா?” “அவருக்கு வளரக் கூடாதுன்னுதான். என் ரத்தம் அப்படி ஒண்ணும் ஓடியாரல சிஸ்டர். விஷத்தோடதான் வந்துச்சு.” மோதிரத் தட்டல் நின்றது. எந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிலோமினா எதையோ அழுத்தினாள், சத்தம் மாறியது. உள்ள இருக்கற ரத்தம் உங்களுக்குத் திரும்பி வரணும்மா, அதுவரைக்கும் ஊசி எடுக்க முடியாது, அசையாதீங்க, நான் டாக்டரக் கூப்பிடுறேன் என்றாள். ஆனால் போகவில்லை, சுவரில் இருந்த மணியை அழுத்திவிட்டு, யாருக்குப் பக்கத்தில் நிற்பது என்று தெரியாமல் திரையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். தவமணியின் வலது கையில் ரத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது, சில்லென்று. அப்பாடா என்று இருந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன்னைக் கொல்லவும் இவளால் முடியும் என்று தெரிந்துவிட்டது. இதற்குமேல் அவன் சுத்த ரத்தத்தைப் பற்றி யாரிடமும் பேச மாட்டான். எழுந்து போய்விடலாம், ஊசி மட்டும் எடுத்துவிட்டால் போய்விடலாம். ஆனால் அந்தச் சித்திரை மாதத்து மாட்டுத் தொட்டி எங்கிருந்தோ வந்து நின்றது. கொடுத்து வச்ச ஜென்மம். போ சனியனே என்றாள் அதனிடம், போகவில்லை.

“மாத்திரைய நிப்பாட்டிட்டு மறுபடி வர்றேன்” என்றாள். தான்தான் பேசுகிறோமா என்று இருந்தது. “அவர்கிட்டச் சொல்லுங்க சிஸ்டர். உடம்பு தெளிஞ்சதும் வர்றேன், எந்தக் கையில வேணும்னாலும் குத்திக்கங்க. அதுக்கு முந்தி அவரு எம் மக வீட்டுக்கு வரணும். இங்கதான், ஆரப்பாளையத்துல, ஆட்டோ போகும். வந்து, அவ கையால சொம்புல தண்ணி வாங்கிக் குடிக்கணும். தொண்டையில இறங்குதா இல்லையான்னு நான் பக்கத்துல நின்னு பாக்கணும். இறங்கலேன்னா செத்துப் போகட்டும்.” திரை அசையவில்லை. டாக்டர் வைதேகியின் செருப்புச் சத்தம் வராந்தாவில் வந்து வாசலிலேயே நின்றது. அந்தப் பக்கம் இருமல்கூட இல்லை. இந்த மனுஷன் மயங்கிப்போய்விட்டானோ என்றுகூடத் தவமணி கழுத்தை நீட்டினாள், ஊசி இழுத்தது. அப்புறம்தான் அந்த மெலிந்த குரல் வந்தது.

“சிஸ்டர்.”

“சார்?”

“எனக்கு இன்னைக்கு எவ்வளவு தண்ணி பாக்கி இருக்கு?”

பிலோமினா குழம்பினாள். “காலையில குடிச்சது போக ஒரு டம்ளர் இருக்கும் சார். தாகமா இருக்கா? கொண்டாரவா?”

“வேணாம்” என்றான் சௌந்தரபாண்டி. “அத வச்சிருங்க. சாயங்காலத்துக்கு ஆகும்.”

தவமணியின் மூக்கு மறுபடியும் அரித்தது, இந்தத் தடவை தாங்க முடியாமல். “சிஸ்டர், மூக்கக் கொஞ்சம் தொடச்சு விடுங்க” என்றாள். ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, ஒன்றையும் மன்னிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் லோசனிக்குப் போன் போட வேண்டும். ஒரு டம்ளர்தான் ஊற்ற வேண்டும், அதற்குமேல் ஒரு சொட்டும் கூடாது என்று சொல்ல வேண்டும். ஆனால் டம்ளரில் கொடுக்கக் கூடாது. அந்தத் தையல்கடைக்காரர் வாங்கிக் கொடுத்த சொம்பில் ஊற்றித்தான் கொடுக்க வேண்டும்.